மலைநாட்டு வீடுகளில் எரிவாயு ஹீட்டர்: எல்பி வாயுவுக்கு மாற்றிப் பொருத்த முழுமையான வழிகாட்டி

இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, ஹட்டன், அப்புத்தளைப் பக்கத்து வீடுகளிலும் விடுதிகளிலும் பொருத்தக் கொடுக்கப்படும் எரிவாயு ஹீட்டர்களில் பல, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பியவை. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவை நம்பிச் செய்யப்பட்டவை. நம் வீடுகளுக்குக் கிடைப்பதோ சிலிண்டரில் வரும் எல்பி வாயு. இரண்டுக்கும் இடையே ஜெட் (வாயு பாயும் சிறு துளையுள்ள முனை), அழுத்தம், காற்று என்று மூன்று வித்தியாசங்கள் உண்டு. மலையில் நாலாவதாக உயரமும் சேர்கிறது.

இது இந்த வேலையைப் பழகும் பொருத்துநருக்கும், பக்கத்தில் நின்று கவனிக்க விரும்பும் வீட்டுக்காரருக்கும் எழுதியது. ஜெட்டிலும் வால்விலும் பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதியவர்கள் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு படியைத் தெரியாததால் தடுமாறுகிறவர்கள் குறைவு. பிந்திய படியை முந்திச் செய்துவிட்டுத் தடுமாறுகிறவர்களே அதிகம்.

பேசப்போவது புகைபோக்கி உள்ள ஹீட்டரைப் பற்றி. புகையை அறைக்குள்ளேயே விடும் சக்கரம் வைத்த ஹீட்டரைப் படுக்கையறைக்கு நான் பொருத்திக் கொடுப்பதில்லை.

1. முதலில் தகடு

கருவியின் பக்கவாட்டிலோ முன்மூடிக்கு உள்ளேயோ ஓர் உலோகத் தகடு இருக்கும். அதில் வாயு வகை, அழுத்தம், மின்சாரம் மூன்றும் இருக்கும். எவ்வளவு உயரம் வரை பயன்படுத்தலாம் என்பது தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். இவற்றைப் படிக்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம்.

ஐரோப்பியக் கருவிகளில் ஜி20 என்றால் இயற்கை வாயு, ஜி30 என்றால் பியூட்டேன், ஜி31 என்றால் புரொப்பேன். ஜி20க்கு 20 மில்லிபார், ஜி30க்கு 28 முதல் 30, ஜி31க்கு 37 என்று அழுத்தமும் அருகில் குறிக்கப்பட்டிருக்கும். நமது சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. வீட்டு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார் அளவு. ஆகவே 30 மில்லிபாரில் இரண்டு வாயுவையும் ஏற்கும் கருவியே நமக்குச் சரி. வட அமெரிக்கக் கருவிகள் அழுத்தத்தை அங்குல நீர்மட்டமாகச் சொல்லும். பர்னருக்கு வரும் அழுத்தம் பொதுவாக இயற்கை வாயுவுக்கு 3.5 அங்குலம், எல்பிக்கு 10 அங்குலம். ஓர் அங்குலம் ஏறத்தாழ 2.5 மில்லிபார்.

அடுத்த கேள்வி: இந்த மாதிரிக்கு உற்பத்தியாளர் எல்பி மாற்றுத் தொகுதி (ஜெட், சுருள்வில் முதலிய உதிரிகள்) விற்கிறாரா? இல்லை என்றால் வேலை இங்கேயே முடிகிறது. பழைய ஜெட்டை ஈயம் வைத்து அடைத்து மெல்லிய துளை போடும் வித்தையைச் சில பட்டறைகளில் பார்க்கலாம். துளையின் விளிம்பு சற்றே பிசிறினாலும் வாயு நேராகப் பாயாமல் சாய்ந்து பாயும். காற்றுடன் சரியாகக் கலக்காது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் புரொப்பேனில் இயற்கை வாயுவைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் உண்டு. பியூட்டேனில் அதைவிட அதிகம். அதனால் எல்பி ஜெட்டின் துளை விட்டம் இயற்கை வாயு ஜெட்டின் விட்டத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். மாற்றாத கருவியில் எல்பியின் முழு அழுத்தத்தையும் விட்டால் பர்னருக்குள் போகும் வெப்பம் தகட்டில் உள்ளதைவிட இரண்டரை மடங்கைத் தாண்டும். காற்றோ பழைய அளவுதான். கரி படியும், உயிரைக் கொல்லும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட் உருவாகும், சுடரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பமாற்றித் தகடு வெடிப்பு விடும்.

2. மின்சாரம் ஒத்துப்போகிறதா?

இதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டுவைக்கிறார்கள். வாயு வேலை முழுதும் முடிந்த பிறகு கருவி ஓடாது என்று தெரிந்தால் செலவழித்த பணம் திரும்பாது.

நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானிய, அவுஸ்திரேலியக் கருவிகள் இதற்கு ஒத்துவரும். கனடா, அமெரிக்கக் கருவிகளுக்குத் தேவை 115 முதல் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த சாதாரண மோட்டார் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடும் ஏறும். காற்றுத் தள்ளும் விசிறி மெதுவானால் வெப்பமாற்றி அதிகம் காயும். புகையை இழுக்கும் விசிறி மெதுவானால் புகை வெளியேறுவது குறையும். ஏற்கெனவே காற்று மெலிந்த மலையில் இது இரட்டைச் சங்கடம். உற்பத்தியாளர் 50 ஹேர்ட்ஸை எழுத்தில் ஏற்காத வரை அத்தகைய கருவியைப் பொருத்த வேண்டாம் என்பதே என் முடிவு. அனுப்பிய அண்ணன் மனம் நோகுமே என்று வீட்டுக்காரர் சொல்வார். நோகட்டும்.

உற்பத்தியாளர் ஏற்றிருந்தாலும் ஒரு தொல்லை வரக்கூடும். பர்னர் பற்றும், சில விநாடி எரியும், அணையும். மறுபடி பற்றும், அணையும். வாயுதான் போதவில்லை என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். உண்மையில் சுடரை உணரும் கம்பி, சுடர் வழியாக எர்த்துக்குப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பார்த்தே நெருப்பு இருப்பதை அறிகிறது. மின்மாற்றியின் வெளியீடு எர்த்துடன் தொடர்பில்லாமல் மிதந்தால் அந்தச் சுற்று முழுமை பெறாது. வெளியீட்டின் ஒரு முனையை நியூட்ரலாக்கி எர்த்துடன் இணைக்க வேண்டும். அது தகுதிபெற்ற மின்பணியாளரின் வேலை. வாயு வால்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

உற்பத்தியாளரின் மாற்றுத் தொகுதி, கையேடு, அழுத்தமானி, புகைக்குள் நுழைத்துக் கார்பன் மொனொக்சைட்டை அளக்கும் கருவி, வெப்பமானி இரண்டு, ஜெட்டுக்குப் பொருந்தும் அளவான ஸ்பானர், வாயுவுக்கென்று விற்கும் தடித்த டேப் அல்லது பசை, சவர்க்கார நீரும் தூரிகையும், பொருத்தி முடிக்கக் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கை மணி.

அழுத்தமானி விலை அதிகம் என்று தயங்க வேண்டாம். தெளிந்த பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ‘யு’ வடிவில் கட்டி, பாதி அளவுக்குத் தண்ணீர் விட்டு, நடுவில் அளவுகோல் ஒட்டினால் போதும். ஒரு முனையை வாயு வால்வில் உள்ள சோதனைத் துவாரத்தில் மாட்டியதும் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள உயரம்தான் அழுத்தம். ஒரு மில்லிபாருக்கு 10.2 மில்லிமீட்டர். ஆகவே 30 மில்லிபார் என்றால் ஓரடி அளவுகோலின் முழு நீளத்தைவிடச் சற்றே கூட, ஏறத்தாழ 30.6 சென்டிமீட்டர். குழாயில் குமிழி இருந்தால் அளவு பொய்; தட்டி வெளியேற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு ‘பதினைந்துதான் இருக்கிறது’ என்று ரெகுலேட்டரைக் குறை சொன்னவர்கள் உண்டு.

மின்னணு அழுத்தமானி என்றால் கொழும்பில் பூச்சியம் வைத்த அளவோடு நுவரெலியாவில் பயன்படுத்த வேண்டாம். வேலை நடக்கும் இடத்திலேயே, காற்றில் திறந்து வைத்துப் பூச்சியமாக்குங்கள்.

4. இடம், காற்று, புகைபோக்கி

குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்குகளில் துணி செருகி, கதவடியில் சாக்கு வைத்து அடைக்கும் வீடுகள் நம்முடையவை. எரிவதற்குரிய காற்றை அறைக்குள்ளிருந்து எடுக்கும் கருவிக்கு இது விஷம். அதனால் வெளியிலிருந்தே காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடும், மூடிய எரியறை கொண்ட கருவியை முதல் தேர்வாகச் சொல்கிறேன். மற்ற வகை என்றால் கையேடு கேட்கும் அளவுக்கு, மூட முடியாத காற்றுத் துவாரம் சுவரில் இருக்க வேண்டும். எல்பி காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே தரைமட்டத்திலும் ஒரு துவாரம் தேவை. தரைக்குக் கீழே உள்ள அறையில் பொருத்தக் கூடாது.

பழைய தோட்டத்துப் பங்களாக்களில் கணப்படுப்பின் புகைபோக்கியிலேயே ஹீட்டரின் குழாயையும் செருகிவிடுவார்கள். கணப்பு எரியும்போது அறைக் காற்றை மேலே இழுக்கும். ஹீட்டரின் புகை எதிர்த்திசையில் அறைக்குள் வரும். ஹீட்டருக்குத் தனிப் புகைபோக்கி வேண்டும்.

புகை வெளியேறும் வாயை எந்தப் பக்கம் வைப்பது? காற்றைப் பார்த்து வையுங்கள். ஹட்டன், நுவரெலியா மேற்குச் சரிவில் மே முதல் தென்மேற்குப் பருவக் காற்று மழையோடு அடிக்கும். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அதே மாதங்களில் மழையற்ற கச்சான் காற்று வீசும். சில நாள் தகரத்தையே தூக்கும். பிப்ரவரியின் அமைதியான காலையில் நன்றாக இழுத்த புகைபோக்கி ஜூலையில் திருப்பி ஊதக்கூடும். அந்த ஊரில் எந்தச் சுவரில் பாசி பிடித்திருக்கிறது என்று பாருங்கள். மழைக்காற்று அடிக்கும் பக்கம் பெரும்பாலும் அதுதான். கச்சான் திசையை அயலவரிடம் கேளுங்கள்.

5. சிலிண்டரும் குளிரும்

மலைநாட்டில் ‘ஹீட்டர் சரியில்லை’ என்று வரும் முறைப்பாடுகளில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது சிலிண்டரைத்தான்.

புரொப்பேன் மைனஸ் 42 பாகையில் கொதிக்கும். பியூட்டேன் மைனஸ் 0.5 பாகையில். கொழும்பில் இந்த வித்தியாசத்தை யாரும் உணர்வதில்லை. நுவரெலியாவில் சனவரி, பிப்ரவரி விடிகாலையில் புல்லில் உறைபனி படியும்போது, பியூட்டேன் மிகுந்த சிலிண்டரில் ஆவியாகும் வேகம் படுத்துவிடும். வாயு எடுக்க எடுக்கத் திரவம் தன் சூட்டையே இழந்து மேலும் குளிரும். சிலிண்டரின் கீழ்ப்பாதியில், திரவ மட்டம் வரை, நீர்த்துளியோ வெண்பனியோ படிந்திருந்தால் அது தரக்கூடியதைவிட அதிகம் அதனிடம் கேட்கிறீர்கள் என்று பொருள். புதியவர் அப்போது என்ன செய்கிறார்? சுடர் தளர்ந்துவிட்டது என்று பர்னர் அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார். மறுநாள் வெயில் ஏறியதும் அதே திருகு அமைப்பில் பர்னர் மிதமிஞ்சி எரிகிறது.

கலவை விகிதமும் மாறக்கூடியது. 2021 கடைசியில் நாடெங்கும் எரிவாயு விபத்துகள் அடுத்தடுத்து நடந்தபோது புரொப்பேன், பியூட்டேன் விகிதம் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய ரெகுலேட்டரும் வெடித்த ரப்பர் குழாயும் முதலில் தோற்கும். ஹீட்டருக்குப் புதிய ரெகுலேட்டரும் புதிய குழாயும் போடுவதில் பேரம் பேச வேண்டாம்.

எத்தனை சிலிண்டர் வேண்டும்? ஒரு கிலோ எல்பியில் ஏறத்தாழ 12.8 கிலோவாட் மணி வெப்பம் உண்டு. 10 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் எரிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் பதினாறு மணி நேரம் தாங்கும் என்பது காகிதக் கணக்கு. குளிர் இரவில் ஒற்றைச் சிலிண்டர் அந்த வேகத்தில் ஆவியாகாது. இரண்டையோ மூன்றையோ பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரே குழாயில் இணைத்தால் ஒவ்வொன்றும் குறைவாகக் கொடுத்து, வெளிக்காற்றிலிருந்து போதிய சூட்டை வாங்கிக்கொள்ளும். இணைக்கும் சிலிண்டர்கள் ஒரே நிறுவனத்தவையாகவும், ரெகுலேட்டர் மொத்த ஓட்டத்துக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். அடுப்பு ரெகுலேட்டரின் முதுகிலேயே ஓட்ட அளவு பொறித்திருக்கும். ஹீட்டர் கேட்பதைவிட அது சிறிதென்றால் கழற்றிவிடுங்கள்.

சிலிண்டருக்குப் போர்வை போர்த்துவது பயன் தராது, கெடுதல் செய்யும். அது சூடு பெறுவதே வெளிக்காற்றிலிருந்துதான். போர்வை அதைத் தடுக்கிறது. வெந்நீர் ஊற்றுவதும், பக்கத்தில் கரியடுப்பு வைப்பதும் செய்யவே கூடாதவை.

சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, நிமிர்ந்து, காற்றோட்டமான கூண்டுக்குள் நிற்க வேண்டும். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். வடிகாலுக்கும் தாழ்ந்த ஜன்னலுக்கும் பக்கத்தில் வேண்டாம். நம் வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிக் கட்டியவை. மேல்வீட்டில் கசியும் வாயு படிக்கட்டு வழியே தண்ணீரைப் போல் இறங்கி, கீழ்வீட்டுச் சமையலறை வாசலில் தேங்கும். கீழே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்த பிறகு கூண்டின் இடத்தைக் குறியுங்கள்.

6. குழாயும் கசிவுச் சோதனையும்

செப்புக் குழாயோ இரும்புக் குழாயோ, நீளத்துக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ற விட்டம் இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் எரியும்போது ரெகுலேட்டரிலிருந்து ஹீட்டர் வரை 2.5 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் விழுந்தால் குழாய் சிறிது. கருவிக்குச் சற்று முன்னால் கையால் மூடும் வால்வும், தூசியும் துருவும் விழுந்து தங்க ஒரு கீழ்நோக்கிய துண்டுக் குழாயும் வையுங்கள்.

டேப்பை மரையின் முதல் இரண்டு சுற்றை விட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் பிய்ந்த துண்டு வால்வுக்குள் போய் அடைக்கும். வாய் விரித்த செப்பு இணைப்பில் டேப் போடவே கூடாது. அங்கே உலோகம் உலோகத்தோடு அழுந்துவதுதான் அடைப்பு.

குழாயை மட்டும், கருவியைக் கழற்றிவிட்டு, காற்றால் சோதியுங்கள். வீட்டுக் குழாய்க்கு நான் 20 கிலோபாஸ்கல் (200 மில்லிபார்) வைத்துப் பதினைந்து நிமிடம் பார்க்கிறேன். கருவியின் வால்வுகள் பல 3.5 கிலோபாஸ்கலுக்கு மேல் தாங்காது. இணைத்தபடி சோதித்தால் உள்ளே இருக்கும் மென்தகடு கிழியும். ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டு ஒருபோதும் அழுத்தம் ஏற்ற வேண்டாம்.

மலையில் இந்தச் சோதனைக்கு ஒரு விசேஷம் உண்டு. மூடுபனிக்குள் அழுத்தம் ஏற்றி வைக்கிறீர்கள். பனி விலகி வெயில் குழாயில் விழுகிறது. பத்துப் பாகை சூடு ஏறினால் முள் ஏறத்தாழ மூன்றரை கிலோபாஸ்கல் ஏறும். சிறு கசிவு அந்த ஏற்றத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மறுபுறம், மேகம் மூடினால் நல்ல குழாயும் கசிவதுபோல் காட்டும். குழாய் முழுதும் நிழலில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

பிறகு கருவியை இணைத்து, வாயுவைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நீர் தடவுங்கள். தீக்குச்சியால் சோதிப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

7. உயரத்துக்குரிய அளவைத் தீர்மானித்தல்

இது ஜெட்டுக்கு முன்னால் வர வேண்டிய படி. ஏனென்றால் எந்த ஜெட் என்பதை உயரமே சொல்கிறது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ எண்பது சதவீதம். ஒரே பர்னருக்குள் நுழையும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். வாயுவைக் குறைக்காமல் விட்டால் எரிப்பு அரைகுறையாகும்.

வட அமெரிக்கக் கருவிகளில் பலவற்றுக்கு 2,000 அடிக்கு மேல் உள்ள இடங்களில், கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1,000 அடிக்கும் தகட்டில் உள்ள வெப்ப அளவில் 4 சதவீதம் கழிக்கும் விதி இருக்கிறது. அதன்படி நுவரெலியாவில் ஏறத்தாழ 24 சதவீதம், ஹட்டனில் 17, பண்டாரவளையில் 16. 500 மீட்டரில் இருக்கும் கண்டியில் கழிவு இல்லை. ஐரோப்பிய, அவுஸ்திரேலியக் கருவிகளுக்கு அவரவர் கையேட்டில் அட்டவணை இருக்கும்; அதையே பின்பற்றுங்கள். உயரத்தில் ஜெட் வழியே பாயும் வாயுவின் எடையும் தானாகவே கொஞ்சம் குறையும். நல்ல அட்டவணை அதையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கும். சொந்தக் கணக்குப் போட்டு இரட்டைக் கழிவு செய்ய வேண்டாம்.

கழிவை அழுத்தத்தைக் குறைத்துச் செய்யலாமே என்று கேட்பார்கள். வெப்பம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 24 சதவீதம் குறைக்க வேண்டுமானால் எல்பிக்குரிய பர்னர் அழுத்தமான 25 மில்லிபாரை 14.5 மில்லிபார் அளவுக்கு இறக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் வாயு போதிய வேகத்தில் பாயாது, காற்றை இழுக்காது. ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்குச் சுடர் தாவவும் தயங்கும். கையேடு கேட்காத வரை இந்த உயரத்துக்குச் சிறிய ஜெட்தான் வழி.

இன்னொன்றும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தகட்டில் 10 கிலோவாட் என்றிருந்தால் நுவரெலியாவில் அவருக்குக் கிடைக்கும் கருவி ஏழரைக் கிலோவாட் கருவி. பிறகு ‘சூடு போதவில்லை தம்பி, கொஞ்சம் கூட்டி வையுங்கள்’ என்று கேட்கும்போது கூட்டி வைக்காமல் இருக்க இது உதவும்.

8. ஜெட்டும் சுருள்வில்லும்

சிலிண்டர் வால்வையும் கருவிக்கு முன்னால் உள்ள வால்வையும் மூடுங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள். கருவி எரிந்திருந்தால் ஆறவிடுங்கள். கழற்றுமுன் வயர்கள் இருக்கும் நிலையைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்.

பர்னர்களுக்கு வாயு பிரித்துக் கொடுக்கும் குழாயைக் கழற்றிப் பழைய ஜெட்டுகளை எடுங்கள். புதிய ஜெட்டின் முகத்தில் பொறித்த எண்ணை உருப்பெருக்கியால் படித்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றையும் படியுங்கள், ஒரே பையில் வேறு அளவு கலந்து வரலாம். முதல் சில சுற்றுகளைக் கையால் திருகி, மரை சரியாகப் பிடித்த பிறகே ஸ்பானர். பித்தளை மரை எளிதில் வழுக்கும். ஜெட்டில் டேப்போ பசையோ போடக் கூடாது; ஒரு துகள் போதும் துளையை மூட.

கழற்றிய ஜெட்டுகளை எண்ணுங்கள், பொருத்தியவற்றை எண்ணுங்கள். ஒரு பர்னரில் மட்டும் இயற்கை வாயு ஜெட் தங்கிவிட்டால் அந்த ஒன்றில்தான் மஞ்சள் சுடர் நிற்கும். காரணம் தேடிப் பாதி நாள் போகும்.

அடுத்து வால்வின் ரெகுலேட்டர். மூடியைத் திறந்தால் உள்ளே சுருள்வில். தொகுதியில் வரும் எல்பி சுருள்வில்லை அதன் இடத்தில் வைக்க வேண்டும். சில வால்வுகளில் உள்ளிருக்கும் ஊசியைத் தலைகீழாகத் திருப்பினால் போதும், கையேடு சொல்லும். பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட் உள்ள கருவியில் அதற்கும் தனி ஜெட் உண்டு, பெரும்பாலும் மறக்கப்படுவது அதுதான். காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு தொகுதியில் இருந்தால் அதுவும் மாற வேண்டும்.

கடைசியாக, ‘எல்பி வாயுவுக்கு மாற்றப்பட்டது’ என்ற ஒட்டியை, திகதியும் ஜெட் எண்ணும் உயரமும் எழுதித் தகட்டருகே ஒட்டுங்கள். அடுத்து வரும் பொருத்துநர் தகட்டை மட்டும் நம்பி மறுபடி மாற்றிவிடாமல் இருக்க.

9. முதல் பற்றவைப்பும் அழுத்தமும்

ஜன்னல்களைத் திறந்து, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றி, வாயு வாடை முழுதும் போன பிறகே பற்றவையுங்கள். முதல் முயற்சியில் பற்றாவிட்டால் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். விடாமல் பொத்தானை அழுத்தினால் எரியறைக்குள் வாயு சேர்ந்து ஒரேயடியாகப் பிடிக்கும்.

வால்வில் இரண்டு சோதனைத் துவாரங்கள் இருக்கும்: உள்வரும் பக்கம், பர்னர் பக்கம். முதலில் உள்வரும் அழுத்தம். கருவி எரியாமல் இருக்கும்போது ரெகுலேட்டர் சற்றுக் கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். ஹீட்டரை முழு அளவில் எரித்து, சமையலறை அடுப்பின் எல்லா பர்னர்களையும் திறந்து, அப்போது படியுங்கள். கருவி கேட்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால் கோளாறு ரெகுலேட்டரிலோ குழாயிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் பர்னர் திருகைத் தொடாதீர்கள்.

பிறகு பர்னர் பக்கம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு தடவையும் நீர்மட்டம் அடங்கும்வரை பொறுத்து, கையேட்டின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூடியைப் போட்ட பிறகு மறுபடி படியுங்கள். சில வால்வுகளில் மூடி போட்டதும் அளவு சற்று நகரும்.

துவாரத் திருகாணிகளை இறுக்கி, சவர்க்கார நீர் தடவுங்கள். இவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு இந்தச் சிறு திருகாணியைத் தளர்வாக விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடிகாலைக் குளிரில் உள்வரும் அழுத்தத்தை ஒரு தடவை பார்க்க முடிந்தால் மிக நல்லது. வீட்டில் தங்க முடியாவிட்டால், அழுத்தமானியைப் பொருத்தும் துவாரத்தைத் தொடாமல், சிலிண்டரில் பனி படிகிறதா என்று மட்டும் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. சுடர், புகை, சூடு

‘சுடர் நீலமாகத்தானே இருக்கிறது’ என்பது சான்று ஆகாது. நீலச் சுடரிலும் கார்பன் மொனொக்சைட் இருக்கலாம். கண் சொல்வது கோளாறு உண்டா என்பதை மட்டும். நுனியில் மெல்லிய மஞ்சள் எல்பியில் வரலாம். சோம்பலாக ஆடும் நீண்ட மஞ்சள் என்றால் காற்றுக் குறைவு அல்லது ஜெட் பெரிது. பர்னரை விட்டு எழும்பி இரையும் சுடர் என்றால் அழுத்தமோ காற்றோ கூடுதல். ஆங்காங்கே செம்மஞ்சள் பொறிகள் பறந்தால் பெரும்பாலும் துளையிட்டபோது விழுந்த சீமெந்துத் தூசி. பெருக்கித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பதினைந்து நிமிடம் எரிந்த பிறகு, புகை வெளிக்காற்றுடன் கலக்கும் முன், கார்பன் மொனொக்சைட் அளவியை உள்ளே நுழைத்துப் பாருங்கள். கூடுதல் காற்றைக் கழித்த அளவில் கார்பன் மொனொக்சைட் 100 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் 100 பங்குக்கு) கீழே, ஏறாமல் நிற்க வேண்டும். கையேடு இதைவிடக் கடுமையான வரம்பு சொன்னால் அதுவே வரம்பு. ஏறிக்கொண்டே போனால் கருவியை நிறுத்திவிட்டு ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

காற்று தள்ளும் வகை ஹீட்டர் என்றால் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் வெளிவரும் காற்றின் சூட்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தகட்டில் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். கூடினால் விசிறி வேகத்தையும் காற்றுக் குழாயையும் பாருங்கள். வாயு அழுத்தத்தைக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டாம்.

அறைக் காற்றை எடுக்கும் கருவிக்கு ஒரு கடைசிச் சோதனை. குளிர் இரவில் வீட்டார் இருப்பதுபோலவே கதவு ஜன்னல்களை எல்லாம் மூடுங்கள். சமையலறைப் புகை விசிறியைப் போடுங்கள். கணப்பு இருந்தால் அதையும் மூட்டுங்கள். ஹீட்டரின் புகை சேரும் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். அறைப்பக்கம் திரும்பினால் அந்த வீட்டில் அந்தக் கருவி எரியக் கூடாது.

11. பாதுகாப்பு உறுப்புகளும் ஒப்படைப்பும்

கருவி எரியும்போது முன் வால்வை மூடுங்கள். சுடர் அணைந்ததும் கருவியின் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். பைலட் சூட்டில் இயங்கும் வகையில் ஒரு நிமிடத்துக்குள் ‘டக்’ என்ற ஓசை கேட்கும். ஒட்சிசன் குறைந்தால் அணைக்கும் பைலட் உள்ள ஹீட்டர்கள் நுவரெலியா உயரத்தில் அடிக்கடி அணைவதுண்டு. அதைக் கம்பி வைத்துக் கட்டி ஏமாற்றும் ‘வைத்தியம்’ ஊரில் உலவுகிறது. உயரத்துக்கு ஒவ்வாத கருவி தன் ஒவ்வாமையைத்தான் சொல்கிறது. மாற்றுங்கள், கட்டாதீர்கள்.

கசிவுக்கு வாடை உண்டு; வாடைக்கென்றே ஒரு சேர்மத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். கார்பன் மொனொக்சைட் மணி படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மூச்சு விடும் உயரத்தில். எல்பி கசிவு மணி வைப்பதாக இருந்தால் தரையை ஒட்டி. இரண்டையும் கூரையில் அடித்துவிட்டுப் போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எல்பி அந்த உயரத்துக்கு ஏறி வரும்போது தாமதமாகியிருக்கும்.

வாயு வாடை வந்தால் மின்சுவிட்சைத் தொடாமல், கதவைத் திறந்து, வெளியே போய்ச் சிலிண்டரை மூட வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கும் குரல் கொடுக்க வேண்டும். ஹீட்டர் எரியும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் உடனே வெளியேறி 1990 அம்புலன்சை அழைக்கச் சொல்லுங்கள்.

அளந்த அழுத்தங்கள், கார்பன் மொனொக்சைட் அளவு, ஜெட் எண், ரெகுலேட்டர் பொருத்திய திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையேட்டுக்குள் வையுங்கள். கழற்றிய பழைய ஜெட்டுகளை ஒரு பையில் கட்டி, ‘இயற்கை வாயு, மறுபடி பொருத்த வேண்டாம்’ என்று எழுதி அதனுடன் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை, பருவக்காற்று முடிந்து குளிர் தொடங்கும் முன், புகைபோக்கியின் வாயில் குருவிக்கூடும் குளவிக்கூடும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒன்பதாம், பத்தாம் படிகளை மட்டும் மறுபடி செய்தால் போதும்.